கீமோ நடக்கும்போது காய்ச்சல்: மூன்று நாள் பார்க்காதீர்கள்

அம்மாவுக்குப் புற்றுநோய்க்கான கீமோ ஏற்றி ஒன்பதாவது நாள், 101 டிகிரி காய்ச்சல், பல்லாவரத்தில் பக்கத்து கிளினிக்கில் "வைரல்தான், பாராசிட்டமால் போட்டு மூன்று நாள் பாருங்க" என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108.

கீமோவுக்குப் பின் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது தொற்று வந்தாலும் சீழ், சளி எதுவும் சரியாகத் தெரியாது. பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். மாத்திரை அதையும் மறைத்துவிடும். 100.4 தாண்டினாலே அவசரம்தான். பொது மருத்துவர்கள் பலருக்கு இது பழக்கமில்லை, அதனால் நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "கீமோ நோயாளி, ஒன்பதாவது நாள், காய்ச்சல்." கீமோ ஃபைலையும் கையோடு கொண்டுபோங்கள்.

சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் சோதனை) ரிப்போர்ட்டில் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மொத்த வெள்ளையணு 1200, அதில் தொற்றை எதிர்க்கும் வகையான நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்றால், நியூட்ரோஃபில் உண்மையில் 360தான். 500க்குக் கீழே போனால் பெரிய ஆபத்து. பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்ததும், போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும். ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு எவ்வளவு என்று தெரியும்வரை இடுப்பில் ஊசி வேண்டாம், உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும்.

போகும் வழியிலேயே கீமோ கொடுத்த மருத்துவமனைக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.