சம்பளம் கூடினால் உதவி போய்விடுமா?

கேள்வி: அரசு உதவி வாங்கும் குடும்பத்தில் ஒருவருக்குச் சம்பளம் கொஞ்சம் கூடினாலே எல்லாம் நின்றுவிடும் என்கிறார்கள். அப்படியென்றால் கூடுதல் நேரம் வேலை பார்க்காமல் இருப்பதுதான் லாபமா?

பதில்: உங்கள் பயம் வெறும் வதந்தி இல்லை. வருமான வரம்பு என்று ஒரு கோடு போட்டு, அதைக் கொஞ்சம் தாண்டினாலும் கிடையாது என்று சொல்லும் திட்டங்கள் நிறைய உண்டு. சம்பளம் நூறு கூடி, நானூறு பெறுமான மருத்துவ உதவி கையை விட்டுப் போனால், உழைத்ததற்கு அபராதம் முந்நூறு!

ஆனால் எல்லாத் திட்டமும் இப்படி இல்லை. பிரிட்டனில் குறைந்த வருமானக்காரருக்கான உதவித் திட்டமான யுனிவர்சல் கிரெடிட்டில் வேலை வருமானம் கூடினால், கூடுதலாக வரும் நூறு பவுண்டுக்கு 55 பவுண்டு உதவி குறையும் (2021 வரை 63 ஆக இருந்தது). அமெரிக்க உணவு உதவியான ஸ்நாப்பில், கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் அளவுக்குத் தொகையைக் குறைக்கிறார்கள். அங்கேயே 1975-ல் வந்த ஒரு வரிச் சலுகை இன்னும் ஒரு படி மேலே போய், குறைந்த சம்பளக்காரர் சம்பாதிக்கச் சம்பாதிக்க ஒரு கட்டம் வரை உதவியைக் கூட்டிக்கொண்டே போகிறது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஒரே குடும்பம் மூன்று நான்கு திட்டங்களில் இருக்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கொஞ்சம் கொஞ்சம் குறைத்து, கூட்டிப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் வேலையை வேண்டாம் என்று சொல்வதற்கு முன் ஒவ்வொரு திட்டத்துக்கும் கேளுங்கள்: உடனே நிற்குமா, படிப்படியாகக் குறையுமா, இடையில் அவகாசம் உண்டா? சம்பளம் கூடியதை மறைக்க மட்டும் வேண்டாம், பிற்பாடு தெரிந்தால் கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள்.

கேள்வி: வங்கியில் அவசரத்துக்கென்று கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தால் தகுதி போய்விடுமா?

பதில்: திட்டத்தைப் பொறுத்தது. வருமானத்தை மட்டும் பார்ப்பவை உண்டு, சொத்தையும் சேமிப்பையும் சேர்த்துப் பார்ப்பவை உண்டு. இரண்டாவது வகைக்கு உதாரணம் அமெரிக்காவில் முதியோர், ஊனமுற்றோருக்கான உதவித்தொகையான எஸ்.எஸ்.ஐ. அதில் தனி நபருக்குச் சேமிப்பு வரம்பு 2,000 டாலர், 1989-ல் வைத்தது, பிறகு விலைவாசி எங்கேயோ போய்விட்டது, வரம்பு அசையவில்லை. ஏழைகள் சேமிப்பதில்லை என்று குறை சொல்லிவிட்டு, சேமித்தால் உதவியை நிறுத்தும் விதியை என்னவென்று சொல்வது?

கேள்வி: சும்மா பணம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிட மாட்டார்களா?

பதில்: உதவி பெறுவோரில் பலர் குழந்தைகள், முதியவர்கள், இவர்களை எந்த வேலைக்கு அனுப்புவது? பின்லாந்தில் 2017, 2018 இரண்டு ஆண்டும் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ நிபந்தனையே இல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். வேலைக்குப் போனது குறையவில்லை, ஒரு துளி கூடியது.

கேள்வி: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் புரியவில்லை. விட்டுவிடவா?

பதில்: விடாதீர்கள். தகுதி இல்லாமல் நிராகரிப்பது ஒன்று, ஒரு தாள் குறைந்ததற்காகவோ பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காகவோ நிராகரிப்பது இன்னொன்று. உங்களுடையது எது என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி இருக்கும், அதைத் தவறவிட்டால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பயனில்லை. கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதாக ஒப்புகை வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். 1970-ல் கோல்ட்பர்க் எதிர் கெல்லி வழக்கில், வாங்கிக்கொண்டிருக்கும் உதவியை ஒருவர் தரப்பைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. உங்கள் ஊர்ச் சட்டம் வேறாக இருக்கலாம், இலவச சட்ட உதவி மையம் இருந்தால் அந்த நிராகரிப்புக் கடிதத்தோடு போய்க் கேளுங்கள்.