சலனமில்லாத முகம்

கேள்வி: 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் வெற்றி சிக்ஸரை அடித்த பிறகும் தோனியின் முகத்தில் சலனமே இல்லை. அப்படியொரு கேப்டன் இந்தியாவுக்கு இனிக் கிடைப்பாரா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: சலனமில்லாத முகத்தைப் பற்றி எனக்கு அனுபவம் உண்டு. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஈய எழுத்துகளைக் கையால் கோத்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் அச்சகத்தில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். அட்டைப்படம் வரவில்லை, தாள் தீர்ந்துவிட்டது, தலையங்கத்தில் அமைச்சரின் பெயர் மாறிவிட்டது என்று எந்தச் செய்தியோடு யார் அலறிக்கொண்டு ஓடினாலும், வெற்றிலையை மென்றபடி தலையை மட்டும் அசைப்பார். மனிதர் ஞானி என்று முடிவு கட்டினோம். புதிதாகச் சேர்பவர்களிடம் அவரைக் காட்டி, ‘பதறாமல் வேலை செய்வது எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று உபதேசம் வேறு. ஒரு தீபாவளி மலர் சமயத்தில் நானே அவர் காலில் விழாத குறை. ஓய்வுபெற்ற சில மாதங்கள் கழித்து, காதில் கருவி மாட்டிக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தார். பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். முகத்தைச் சுளித்து, ‘இவ்வளவு சத்தத்திலா இத்தனை வருடம் வேலை பார்த்தேன்?’ என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

தோனிக்குக் காது நன்றாகவே கேட்கும். பந்து மட்டையின் விளிம்பை உரசியதா இல்லையா என்று அவர் சொன்னால், நடுவரே ஒரு கணம் யோசிப்பார். என் சந்தேகம் நம்மைப் பற்றியது. வென்றவரின் அசையாத முகத்துக்கு நிதானம் என்று பெயர் வைக்கிறோம். தோற்றுவிட்டால் அதே முகத்துக்கு அலட்சியம் என்று பெயர். 2011 ஏப்ரலில் கோப்பை. அதே ஆண்டு இங்கிலாந்தில் டெஸ்ட் தொடரில் 0-4 தோல்வி. அடுத்துப் போன ஆஸ்திரேலியாவில் மறுபடியும் 0-4. முகம் மாறவில்லை. ‘கேப்டனுக்கு உறைக்கவே இல்லையா?’ என்று கேட்டு அப்போது இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களைக் கட்டி வைத்திருந்தால் ஒரு சாக்கு தேறும். அந்த எட்டில் கடைசித் தோல்வியில் மட்டும் அவருக்குப் பங்கில்லை. ஓவர்களை மெதுவாக வீச வைத்ததற்காக ஒரு போட்டித் தடையில் இருந்தார். நிதானத்துக்கும் தண்டனை உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

முகத்தில் எல்லாவற்றையும் எழுதி ஒட்டிக்கொண்டு ஆடியவர்கள் என்ன குறைந்துபோனார்கள்? 2002இல் லண்டன் லார்ட்ஸ் மைதான மாடத்தில் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார் கங்குலி. விக்கெட் விழும்போதெல்லாம் விராட் கோலி போட்ட சத்தத்துக்கு மைதானத்துப் புறாக்கள் இடம்பெயர்ந்திருக்கும். தோனி 60 டெஸ்ட்களுக்குத் தலைமை ஏற்று 27இல் வென்றார். கோலி 68க்கு 40. ரோஹித் சர்மா சக வீரர்களைத் திட்டுவது ஸ்டம்ப் மைக் வழியாக நாடு முழுக்கக் கேட்டது. அவரும் 2024இல் பார்படாஸில் டி20 உலகக் கோப்பையை வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

ஆகவே முகத்தை விடுங்கள். 2011 இறுதிப் போட்டி நடந்த மும்பை வான்கடே மைதானத்தில் அந்த இரவு எனக்குப் பிடித்தது, சிக்ஸருக்கு வெகுநேரம் முன்பு நடந்தது. இலக்கு 275. கோலி ஆட்டமிழந்தபோது 114 ரன்னுக்கு 3 விக்கெட். அடுத்து வரவேண்டியவர் யுவராஜ் சிங்; அந்தத் தொடர் முழுக்க வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர். படியிறங்கி வந்ததோ, அதுவரை தொடரில் ஓர் அரைசதம்கூட அடிக்காத தோனி. களத்தில் இடக்கை கம்பீர் நிற்கிறார், யுவராஜும் இடக்கை, இவர் வலக்கை; வீசுவது சுழற்பந்து, இலங்கையின் முரளிதரனைச் சென்னை அணியின் வலைப்பயிற்சியில் ஆண்டுக்கணக்கில் ஆடிப் பழகியவர் இவர். கணக்கு சரிதான். ஆனால் ஐந்து ரன்னில் அவர் அவுட்டாகியிருந்தால் இந்தக் கணக்கை விளக்கச் சொல்லி யாரும் காத்திருக்க மாட்டார்கள். யுவராஜை உட்கார வைத்த அகம்பாவம் என்று மறுநாள் காலை நானே எழுதியிருப்பேன், தலைப்புகூட யோசித்துவிட்டேன். அவர் ஆட்டமிழக்காமல் 91 எடுத்தார். நான் தப்பித்தேன்.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். 2013இல் ஐ.பி.எல். சூதாட்ட விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தபோது, சாம்பியன்ஸ் கோப்பைக்குப் புறப்படும் முன் நிருபர்களைச் சந்தித்தார். அது பற்றிக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது புன்னகை. மறுபடி கேட்டார்கள். மறுபடி புன்னகை. கேள்விக்குச் சிரிப்பைப் பதிலாகத் தருபவர்களோடு எனக்குப் பழைய பகை. அரசியல்வாதியோ ஆட்டக்காரரோ, விதிவிலக்கு கிடையாது. இங்கிலாந்தில் கோப்பையை வென்று வந்தார். சிரிப்பை எல்லோரும் மறந்துவிட்டார்கள், என்னைத் தவிர. அந்த முகமும் கல்லில்லை என்பதை 2019இல் ஜெய்ப்பூர் ஐ.பி.எல். ஆட்டத்தில் பார்த்தோம். ஒரு நோ-பாலுக்காக எல்லைக்கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நடந்து நடுவரிடம் சண்டைக்குப் போனார். ஆட்ட ஊதியத்தில் பாதி அபராதம். உள்ளே அடுப்பு எரிகிறது என்று தெரிந்ததில் எனக்கு அவர்மேல் பிரியம் கூடியது.

உங்கள் கேள்வியில் ‘கேப்டன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பிழைதிருத்துநர் அதை அடித்து ‘அணித்தலைவர்’ என்று போடுவார். நான் திரும்பக் ‘கேப்டன்’ ஆக்குவேன். பல ஆண்டு வழக்கு இது. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு நினைவு வருபவர் ராஞ்சிக்காரர் தோனியல்ல, நம் சென்னையின் சுழற்பந்து வீச்சாளர் வெங்கட்ராகவன். ராஞ்சிக்காரரைத் ‘தல’ என்று தோளில் தூக்கிக்கொண்ட ஊர் இவரை வசதியாக மறந்துவிட்டது. 1974இல் டெல்லி டெஸ்டில் கேப்டன். அடுத்த கல்கத்தா டெஸ்டில் பன்னிரண்டாவது ஆள், அதாவது வெளியே உட்காரும் மாற்று ஆள். 1975, 1979 என இரண்டு உலகக் கோப்பைகளுக்குத் தலைமை ஏற்றார், கிழக்கு ஆப்பிரிக்காவை மட்டும் வென்றார். பிறகு 1979இல் இங்கிலாந்துக்கு எதிராக லண்டன் ஓவல் டெஸ்ட். இலக்கு 438. கவாஸ்கர் 221 அடித்த ஆட்டம். ஒரு விக்கெட்டுக்கு 366 என்ற நிலையில் இரண்டாவது விக்கெட் விழுந்ததும் வெங்கட்டுக்கு ஒரு யோசனை: விஸ்வநாத்தை நிறுத்திவைத்துவிட்டுக் கபில் தேவை முன்னால் அனுப்பினார். கபில் பூஜ்யம். முடிவில் 429க்கு 8. ஒன்பது ரன் மிச்சம், ஆட்டம் டிரா. வான்கடேயில் தோனி செய்ததும் வரிசையை மாற்றியதுதான்.

ஊர் திரும்பும் வழியில், நடுவானில், கவாஸ்கர் புதிய கேப்டன் என்ற செய்தியை விமானியே ஒலிபெருக்கியில் அறிவித்தார் என்பது கிரிக்கெட் உலகில் எல்லோரும் சொல்லும் கதை. வெங்கட் அதே விமானத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று காட்ட அங்கே கேமரா இல்லை.

‘விமானத்தின் கேப்டன், அணியின் கேப்டன் இனிக் கேப்டன் இல்லை என்று அறிவித்தார்.’ இந்த வாக்கியம் பிழைதிருத்துநர் மேசையிலிருந்து எப்படித் திரும்பி வரும் என்று காத்திருக்கிறேன்.