டீசல் அம்பாசடருக்கு ஒற்றை வயர் ஆல்டர்னேட்டர்: ஐடிலில் சார்ஜ் ஏறவில்லை

வணக்கம் நண்பரே. செல்ஃப் எக்ஸைட்டிங் (தானே விழித்துக்கொள்ளும் ஒற்றை வயர்) ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி, மாட்டிய பிறகு, ஸ்டார்ட் செய்ததும் பேட்டரி 12.4 வோல்ட்டிலேயே நிற்கிறது (சார்ஜ் ஏறவில்லை), ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் 14.2 வருகிறது (சார்ஜ் ஏறுகிறது) என்று எழுதியிருக்கிறீர்கள். ஆல்டர்னேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

பழைய வகையில் சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டு சார்ஜ் விளக்கு வழியாகச் சிறிது கரண்ட் ரோட்டருக்கு (ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் பாகம்) போய் அதைக் காந்தமாக்கும். புதியதில் அந்த வயரே கிடையாது. ரோட்டர் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தை நம்பித்தான் அது விழிக்கிறது, அதற்குக் கொஞ்சம் வேகம் வேண்டும். டீசல் எஞ்சின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது) மெதுவாக ஓடுவதால் அந்த வேகம் கிடைப்பதில்லை. ஸ்டார்ட் செய்ததும் ஒருமுறை ரேஸ் கொடுங்கள். பிடித்துக்கொண்டால் எஞ்சின் நிற்கும்வரை பெரும்பாலும் விடாது. ஒவ்வொரு முறையும் அதிகமாக மிதிக்க வேண்டியிருந்தால், ஆல்டர்னேட்டரில் சற்றுச் சிறிய புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) போடலாம், அது இன்னும் வேகமாகச் சுழலும். அப்போது பெல்ட் அளவும் மாறும்.

சார்ஜ் விளக்கு இனி எரியாது, அதனால் வோல்ட் மீட்டர் ஒன்று கட்டாயம் வையுங்கள்.

அப்புறம், இதுதான் எனக்குக் கவலை: பல டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கான (பிரேக் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பாகம்) வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்புறமே இருக்கும். கழற்றிய பழையதைப் பாருங்கள். அதில் பம்ப் இருந்து புதியதில் இல்லையென்றால் பூஸ்டர் உதவி கிடைக்காமல் பிரேக் கடினமாகிவிடும், வண்டியை வெளியே எடுக்கவே வேண்டாம்.