பழைய ஹையேஸ் வேனுக்கு எந்த ஜாக்கி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "1998 மாடல் டொயோட்டா ஹையேஸ், 10 இருக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களைக் கோவிலுக்கு அழைத்துப் போகிறேன். வேனோடு வந்த ஜாக்கி தொலைந்துவிட்டது. சந்தையில் ஒருவர் '5 டன் தூக்கும்' என்று பழைய பாட்டில் ஜாக்கி (பாட்டில் போல நேராக நிற்கும் ஜாக்கி) ஒன்றை மலிவாகத் தருகிறார். வாங்கலாமா? எங்கள் வீட்டு முற்றம் சரிவானது."

அதை வாங்காதீர்கள் ஐயா. உங்களுக்கு 5 டன்னே தேவையில்லை. வேனில் எல்லோரும் உட்கார்ந்தாலும் மொத்த எடை இரண்டு டன்னைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஒரு சக்கரத்தைத் தூக்கும்போது அதில் ஒரு பங்குதான் ஜாக்கி மேல் இறங்கும். நல்ல கடையில் வாங்கிய புது 3 டன் ஜாக்கி தாராளமாகப் போதும். சந்தையில் விற்கும் பழைய ஜாக்கிகளில் பலவற்றைக் கழுவி, சிவப்புச் சாயம் அடித்து, மேலே புது எண் ஒட்டி வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் சீல் காய்ந்து வெடித்திருக்கும். தூக்கும்போது ஒழுங்காகத் தூக்கும். நீங்கள் நட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கும். என்னிடம் அப்படி ஒன்று வந்தது. வேனைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்து வந்தேன், அதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது. யாரும் அடியில் இல்லை, அதுவே பெரிய பாக்கியம்.

டன்னைவிட உயரத்தைப் பாருங்கள். டயரில் காற்று இருக்கும்போது உள்ளே நுழையும் ஜாக்கி, டயர் சப்பையானதும் நுழையாது. பல பாட்டில் ஜாக்கிகள் மூடிய நிலையிலேயே ஏறத்தாழ 20 செ.மீ. உயரம். சாலையோரம் இருட்டில் இது தெரிய வந்தால் என்ன செய்வீர்கள்?

பொதுவாக நான் டிராலி ஜாக்கியைத்தான், அதாவது சக்கரம் வைத்துத் தரையில் உருளும் ஜாக்கியைத்தான் சொல்வேன். அடிப்பாகம் அகலம், எளிதில் சாயாது. ஆனால் அதன் கை வளைவாக மேலே போவதால், தூக்கத் தூக்க ஜாக்கி கொஞ்சம் உருண்டு நகர வேண்டும். சிமெண்டுத் தரையில் நகரும். புல்லிலும் மணலிலும் சக்கரம் புதைந்து, வேனைப் பக்கவாட்டில் இழுக்கும்.

பாட்டில் ஜாக்கிக்கு ஒரே ஓர் இடம் உண்டு, அது உங்கள் வேனில் இருப்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். ஹையேஸின் பின்பக்கம், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கட்டையான ஆக்சில், அதன்மேல் பட்டை ஸ்பிரிங். உடம்பைப் பிடித்துத் தூக்கினால் உடம்பு மட்டும் மேலே போகும், ஸ்பிரிங் தளர்ந்து சக்கரம் தரையிலேயே கிடக்கும். நிறையத் தூக்கினால்தான் கிளம்பும். ஆக்சிலுக்கு அடியிலேயே ஜாக்கி வைத்தால் கொஞ்சம் தூக்கினாலே சக்கரம் எழும்பிவிடும். ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், ஜாக்கி செங்குத்தாக நிற்க வேண்டும். நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலுக்கு (இரண்டு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) அடியில் வைக்காதீர்கள். பிரேக் பைப் ஆக்சில் மேலே ஓடும், அதை நசுக்கிவிடாமல் பாருங்கள். பக்கத்து வீட்டு கோம்பிக்காரர் (கோம்பி என்பது ஃபோக்ஸ்வாகன் வேன்) இதைப் பார்த்துத் தன் வண்டியிலும் செய்யக் கூடாது. அதன் பின்பக்க அமைப்பே வேறு. முன் சக்கரத்துக்கு, கையேட்டில் காட்டிய இடம் மட்டும்.

டர்பன் கடற்காற்றில் இந்த வயது வேனின் அடிப்பாகம் இற்றுப்போயிருக்கும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் இரும்பு, 'சொத்' என்று கேட்டால் வெறும் சாயம். இங்கே சொந்த உபயோகத்துக்கான வண்டியை, பெரும்பாலும் கைமாறும்போது மட்டுமே ரோட்வொர்த்தி சோதனைக்கு (சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் சோதனை) கொண்டுபோக வேண்டும். பதினைந்து வருடம் ஒருவரிடமே இருக்கும் வேனின் அடியை அரசு ஒருமுறை குனிந்துகூடப் பார்ப்பதில்லை. அந்த ஒரே சோதனைக்கும் "வண்டியே கொண்டுவர வேண்டாம், தாள் வாங்கித் தருகிறேன்" என்று தரகர்கள் சுற்றுகிறார்கள். அந்தத் தாளை நம்பித்தான் நீங்கள் வேனுக்கு அடியில் கை விடுகிறீர்கள்! நீங்கள் வாங்கியபோது இப்படி நடந்திருந்தால், முதல் வேலையாகத் தெரிந்த மெக்கானிக்கிடம் அடிப்பக்கத்தைக் காட்டுங்கள்.

சரிவான முற்றத்தில் பின் சக்கரத்தைத் தூக்காதீர்கள். கியரில் போட்டிருக்கிறேன், போதும் என்று நினைப்பார்கள். ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் இருந்தால், டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுற்றவிட்டுவிடும், கியர் பிடிக்காது. கைப்பிரேக்கும் தரையில் இருக்கும் ஒற்றைப் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். சமதளத்திலும் எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். நட்டுகளைத் தூக்குமுன்பே தளர்த்திவிடுங்கள்.

ஜாக்கி தூக்கத்தான், வேனைத் தாங்குவது ஜாக்கி ஸ்டாண்டின் வேலை. அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது: '3 டன்' என்பது சில பெட்டிகளில் இரண்டு ஸ்டாண்டுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. ஸ்டாண்டுக்குப் பதிலாகச் சுவர் கட்டும் பொள்ளல் சிமெண்டுக் கல்லை அடுக்குவது நம் முற்றங்களில் சாதாரணம். அந்தக் கல் விரிசல்கூடக் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும். உயரம் போதாவிட்டால் ஜாக்கிக்கு அடியில் அகலமான, தடித்த மரப்பலகை வையுங்கள்.

கடைக்குப் போகுமுன் சமதளத்தில் ஒரு பின் டயரின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, வேனுக்கு அடியில் கை விடாமல், நீளமான குச்சியை ஆக்சிலுக்குக் கீழே நிறுத்தி அடையாளம் போடுங்கள். அந்தக் குச்சியையே கடைக்கு எடுத்துப் போங்கள். மூடிய நிலையிலேயே அடையாளத்துக்கு மேலே நிற்கும் ஜாக்கி எதுவும் உங்களுக்கு வேண்டாம்.