வேலை தேடும் முன் மகனின் நான்கு வாரத்தைப் பாருங்கள்

வணக்கம்மா. சுங்கை சிப்புட்டிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகனுக்கு 22 வயது, கணக்கியல் டிப்ளோமா முடித்தாயிற்று. ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதம் குறைவு என்பதால், நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஈப்போ ஆஸ்பத்திரியில் இம்யூனோகுளோபுலின் என்ற அந்தப் புரதத்தை ஏற்றிக்கொள்கிறார். "வேலைக்கு அனுப்பலாமா, வீட்டிலேயே வைத்துக்கொள்ளவா?" என்று கேட்கிறீர்கள்.

நோயின் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இதே குறைபாடு உள்ள ஒருவர் முழுநேர வேலை பார்ப்பார்; அடிக்கடி சளி பிடித்து மூச்சுக்குழாய்கள் விரிந்துபோன இன்னொருவருக்குப் படி ஏறினாலே இளைக்கும். தம்பி எந்தப் பக்கம் என்பதை முதலில் அளக்க வேண்டும்.

அளப்பதற்கு ஆள் இருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது, 'சாரா கெர்ஜா' (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் தொழில்வழிச் சிகிச்சை) பிரிவுக்கும் பிசியோவுக்கும் கடிதம் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 'ஹூடாஸ்' கேள்விப் பட்டியலும் உண்டு: கடந்த 30 நாளில் குளிக்க, நடக்க, கவனம் செலுத்த, வேலை செய்ய, நாலு பேரோடு பழக எவ்வளவு சிரமம் என்று கேட்கும். சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சி வேண்டுமா, களைப்பைச் சமாளிக்க வேலையைப் பிரித்துச் செய்யும் முறை வேண்டுமா என்பது இதிலிருந்துதான் தெரியும்.

இதில் ஒரு விஷயம் கவனம். மருந்து ஏற்றிய அடுத்த வாரம் தெம்பாக இருப்பவர்கள் பலர், அடுத்த முறைக்கு முந்தைய வாரம் சோர்ந்துபோவார்கள். நல்ல நாளில் மட்டும் பார்த்தால் "எல்லாம் சரி" என்றுதான் ரிப்போர்ட் வரும். அதனால் தம்பியை ஒரு நோட்டில் தினமும் எழுதச் சொல்லுங்கள்: தூங்கிய நேரம், காய்ச்சல், சளி, எத்தனை மணிக்குக் களைத்தார். நீங்கள் எழுத வேண்டாம். அம்மா எழுதினால் எல்லா நாளும் கெட்ட நாளாகிவிடும்!

தம்பியின் பெரியப்பா சொன்னதாக நீங்கள் எழுதிய தோட்டத்து ஸ்டோர் வேலை எனக்குச் சரியாகப் படவில்லை. ஈரச் சாக்கு, பூஞ்சை, எலிகள் இருக்கும் இடம். எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. குழந்தைகள் காப்பகமும் வேண்டாம், அங்கே சளி ஓயாது. அதே தோட்டத்து ஆபீஸில் கிராணி (குமாஸ்தா) வேலை கிடைத்தால் தாராளமாகப் பார்க்கலாம். டவுனில் கணக்குத் தணிக்கை ஆபீஸ் இன்னும் நல்லது. பாதி நாள் வீட்டிலிருந்தே செய்யவும் இடம் இருக்கும்.

அப்புறம் லீவு. மலேசிய வேலைச் சட்டப்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வருடத்துக்கு 14 நாள்தான் சாதாரண மருத்துவ விடுப்பு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 13 தடவை ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் எம்.சி. (மருத்துவச் சான்றிதழ் விடுப்பு) எடுத்தால் காய்ச்சலுக்கு மிஞ்சுவது ஒரே நாள். 2023 ஜனவரியிலிருந்து, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். தோலுக்கடியில் வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளும் முறை தம்பிக்கு ஒத்துவருமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். ஒத்துவந்தால் லீவுச் சிக்கல் பாதி தீரும்.

ஓ.கே.யு. அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதன் ஏழு வகைகளில் எதிர்ப்புச் சக்திக் குறைவு தனி வகையாக இல்லை. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நேர்முகத் தேர்வில் நோயைப் பற்றித் தானாகப் பேச வேண்டியதில்லை. விண்ணப்பப் பாரத்தில் கேட்டிருந்தால் மட்டும் மறைக்கக் கூடாது. வேலைக் கடிதம் வந்ததும், சாரா கெர்ஜா ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மேலாளரிடம் தம்பியே பேசட்டும். நோட்டு ஒரு மாதம் நிறைந்ததும் அவரை என்னிடம் அனுப்புங்கள், விண்ணப்பக் கடிதத்தைச் சேர்ந்து எழுதலாம்.