தனியாரிடம் போன குடிநீர் வாரியத்தை மக்கள் இயக்கத்தால் மீட்க முடியுமா?

முடியும். பெர்லினில் நடந்திருக்கிறது. ஆனால் அங்கே மக்கள் வாக்கெடுப்பில் கேட்டது "தண்ணீரைத் திருப்பிக் கொடு" என்பதல்ல, "ஒப்பந்தத்தைக் காட்டு" என்பதுதான். எனக்கு இதில் பிடித்ததே அந்த சாமர்த்தியம்தான்.

1999-இல் பெர்லின் அரசு தன் குடிநீர் நிறுவனத்தின் 49.9 சதவீதப் பங்கை ஆர்டபிள்யூஇ, வியோலியா (அப்போது விவெண்டி) ஆகிய நிறுவனங்களுக்கு விற்றது. பெரும்பான்மைப் பங்கு அரசிடம்தானே, அப்புறம் என்ன என்று தோன்றும். சிக்கல் ஒப்பந்தத்துக்குள் இருந்தது. தனியாருக்கு இவ்வளவு லாபம் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை அரசே கொடுத்திருந்தது. அதுவும் ரகசியமாக. கட்டணம் ஏறியது, ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

ஒப்பந்தத்தை வெளியிடச் சொல்லும் வாக்கெடுப்பு கேட்டு 'பெர்லின் தண்ணீர் மேசை' என்ற குடிமக்கள் குழு கையெழுத்து வேட்டையில் இறங்கியது. அரசு அந்த மனுவே செல்லாது என்றது. 2009-இல் மாநில அரசியல் சாசன நீதிமன்றம் செல்லும் என்றது. மறு சுற்றில் 2,80,000 கையெழுத்து சேர்ந்தது.

2011 பிப்ரவரி 13-இல் வாக்கெடுப்பு. மொத்த வாக்காளர்களில் கால்வாசிப் பேராவது ஆதரித்தால்தான் செல்லும் என்பது விதி. பல முயற்சிகள் அங்கேதான் கவிழும். இது தாண்டியது, வாக்களித்தவர்களில் 98 சதவீதம் பேர் ஆதரவு.

ரகசியம் உடைந்த பிறகு அந்த ஏற்பாட்டை ஆதரித்துப் பேச அரசியல்வாதிகளுக்குக் கூச்சமாகிவிட்டது. 2012-இல் ஆர்டபிள்யூஇ பங்கையும் 2013-இல் வியோலியா பங்கையும் அரசு திரும்ப வாங்கியது. சும்மா இல்லை, இரண்டுக்கும் சேர்த்து நூறு கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து.