வாசகர் கேள்வி – பதில்: செராம்பூர் பட்டம்

கேள்வி: மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்த எங்கள் ஆயரின் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) சான்றிதழில் வங்காளத்தில் உள்ள செராம்பூரின் பெயர் இருக்கிறது. வங்காளத்துக்கு இங்கே என்ன வேலை?

பதில்: பட்டம் கொடுக்கும் உரிமை செராம்பூர் கல்லூரியிடம்தான் இருக்கிறது. அரசரடி கல்லூரி அதன் செனட்டோடு, அதாவது கல்விப் பொறுப்பைக் கவனிக்கும் அவையோடு, இணைந்தது. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் மூன்றும் செனட்டின் பொறுப்பு.

அந்த உரிமையைத் தந்தவர் டென்மார்க் அரசர். கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனரிகளைத் தன் எல்லைக்குள் விடாததால், 1799இல் வந்த ஆங்கிலேய பாப்டிஸ்ட் மிஷனரிகள் மார்ஷ்மனும் வார்டும் கல்கத்தாவுக்கு அருகே டேனியர் (டென்மார்க்காரர்) வசமிருந்த செராம்பூரில் இறங்கினார்கள். 1800 ஜனவரியில் இன்னொரு மிஷனரியான வில்லியம் கேரி சேர்ந்துகொண்டார். 1818இல் மூவரும் கல்லூரி தொடங்கினார்கள். மார்ஷ்மன் டென்மார்க்குக்கு நேரில் போய் முயன்றதில், 1827 பிப்ரவரி 23 அன்று ஆறாம் ஃபிரடெரிக் சாசனம் வழங்கினார். கோபன்ஹேகன், கீல் பல்கலைக்கழகங்களைப் போலப் பட்டமளிக்கலாம் என்றது அது. சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் பிறக்க இன்னும் முப்பது ஆண்டு இருந்தது!

1845இல் டேனியர் செராம்பூரையும் நம் தரங்கம்பாடியையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். சாசன உரிமை தொடரும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார்கள். அந்த விதி இல்லாவிட்டால் சாசனம் வெறும் காகிதமாகியிருக்கும்.

கேள்வி: அப்படியானால் முதல் பட்டம் எப்போது?

பதில்: 1915இல், அதுவும் பி.டி. சாசனம் கிடைத்து 88 ஆண்டு கழித்து. நிறுவனர்கள் காலமானார்கள், பணமுடை வேறு. 1857இல் கல்கத்தா பல்கலைக்கழகம் வந்ததும் கல்லூரி அதன் தேர்வுக்கே மாணவரைத் தயாரித்தது. 1883இல் பட்ட வகுப்புகளும் நின்றன. ஜார்ஜ் ஹோவெல்ஸ் முதல்வரான பிறகே பழைய சாசனத்துக்கு உயிர் வந்தது. ஆனால் கல்லூரி பாப்டிஸ்ட் சபையாருடையது. மற்றச் சபைகள் அதன் பட்டத்தை ஏற்க வேண்டுமானால் நிர்வாகத்தில் அவர்களுக்கும் இடம் வேண்டும். அதற்கு வழி செய்தது 1918இன் வங்காளச் சட்டம். செனட் உருவானதும் அதன்படிதான். இன்று லுத்தரன், சிஎஸ்ஐ என்று பல சபைக் கல்லூரிகள் ஒரே பட்டத்துக்குப் படிக்கவைப்பது இதனால்தான்.

கேள்வி: செராம்பூர் கல்லூரியில் பி.ஏ. படித்தால் செராம்பூர் பட்டமா?

பதில்: இல்லை. கலை, அறிவியல் பட்டங்கள் கல்கத்தா பல்கலைக்கழகத்துடையவை. செராம்பூர் தன் பெயரில் கொடுப்பது இறையியல் சார்ந்த பட்டங்களையே. விண்ணப்பத்தில் ‘பல்கலைக்கழகம்’ என்ற கட்டத்தை நிரப்பும்போது பலர் தடுமாறுவது இங்கேதான்.